பீக் டிஸ்ட்ரிக்டில் மூன்று நாள் சைக்கிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் டெர்பிக்கும் இடையே கிடக்கும் மலைநாடு பீக் டிஸ்ட்ரிக்ட். பெரும்பகுதி டெர்பிஷயரைச் சேர்ந்தது. வெள்ளி காலை ரயிலேறி ஞாயிறு மாலை வீடு திரும்பும் கணக்கில் அங்கே சைக்கிளில் சில முறை போய்வந்திருக்கிறேன். நண்பர்களும் உறவினர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான பதில்களை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

மலை என்கிறீர்களே, எங்களால் முடியுமா?

முடியும். இங்குள்ள மலைகளை நம் ஊர் மலைகளோடு வைத்துப் பார்க்க வேண்டாம். மிக உயரமான கிண்டர் ஸ்கவுட்டே 636 மீட்டர்தான். "பீக்" என்று பெயர் இருந்தாலும் கூரான சிகரம் ஒன்றையும் காணமாட்டீர்கள். பழங்காலத்தில் இங்கே வாழ்ந்த ஒரு குடியின் பெயரிலிருந்து வந்த சொல் அது என்பார்கள்.

உயரம் குறைவு என்று அலட்சியமாகக் கிளம்பினால் மட்டும் மாட்டிக்கொள்வீர்கள். ஊட்டிச் சாலை மாதிரி வளைந்து வளைந்து ஏறும் பழக்கம் இங்கிலாந்துக் கிராமச் சாலைக்குக் கிடையாது. மேட்டைக் கண்டால் நேரே அதன் முதுகில் ஏறி, மறுபக்கம் நேரே விழும். அரை மைல் ஏற்றம், அரை மைல் இறக்கம், ஓடைமேல் ஒரு பாலம், மறுபடி ஏற்றம். ஒரு நாளில் எத்தனை மைல் போகிறோம் என்பதைவிட எத்தனை மீட்டர் ஏறுகிறோம் என்பதைத்தான் பார்க்க வேண்டும். சென்னை கடற்கரைச் சாலையில் 60 கி.மீ. அலுங்காமல் ஓட்டுபவர் இங்கே 35 கி.மீ.க்கே "போதும்பா" என்று உட்கார்ந்துவிடுவார்.

இதற்கு இந்த வட்டாரத்திலேயே ஒரு வழி இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் போட்ட ரயில் தடங்கள் 1960-களில் மூடப்பட்டன. தண்டவாளங்களைப் பெயர்த்துவிட்டு அந்தத் தடங்களைச் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் குதிரைகளுக்கும் விட்டுவிட்டார்கள். ரயிலுக்காக மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, குன்றைக் குடைந்து வைத்த பாதையில் இன்று நாம் மிதிக்கிறோம். மொத்தப் பயணத்தையும் இந்தத் தடங்களைச் சுற்றியே அமைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது மட்டும் மலைச்சாலையைச் சந்தியுங்கள். என் அனுபவத்தில் முதல் தடவை போகிறவர்களுக்கு இதைவிட நல்ல திட்டம் இல்லை.

எந்தெந்தத் தடங்கள்?

மூன்று முக்கியமானவை. டிஸ்ஸிங்டன் டிரெயில்: ஆஷ்போர்ன் ஊரிலிருந்து பார்ஸ்லி ஹே வரை 13 மைல். ஹை பீக் டிரெயில்: கிராம்ஃபோர்டுக்கு அருகிலிருந்து டௌலோ வரை சுமார் 17 மைல், பார்ஸ்லி ஹே வழியாக. மான்சல் டிரெயில்: பேக்வெல்லிலிருந்து பிளாக்வெல் மில் வரை 8.5 மைல். முதல் இரண்டும் பார்ஸ்லி ஹேக்குப் பக்கத்தில் ஒன்றுசேர்கின்றன. மான்சல் தனியாகக் கிடக்கிறது.

சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் மற்ற இரண்டையும் விட்டுவிட்டு டிஸ்ஸிங்டனை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஆஷ்போர்னில் தொடங்குங்கள். போகும்போது கண்ணுக்கே தெரியாத ஏற்றம், திரும்பும்போது சைக்கிள் தானாகவே ஓடும். பார்ஸ்லி ஹேயில் தொடங்கினால் இது தலைகீழாகிவிடும். களைத்த பிள்ளைகளை ஏற்றத்தில் திரும்பக் கூட்டிவருவது பெற்றோருக்குப் பெரும் சோதனை.

மூன்று நாளை எப்படிப் பிரிப்பது?

நான் போகும் வழி இது.

முதல் நாள் டெர்பியிலிருந்து மேட்லாக் ரயிலில் கிராம்ஃபோர்டில் இறங்குகிறேன். அங்கே ரிச்சர்ட் ஆர்க்ரைட் 1771-இல் தொடங்கிய பஞ்சாலை இருக்கிறது. தண்ணீரின் விசையால் பருத்தி நூற்கும் ஆலை என்ற யோசனை இங்கேதான் முதலில் வெற்றி கண்டது. 2001 முதல் இது உலகப் பாரம்பரியச் சின்னத்தின் பகுதி. ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பிறகு கால்வாய்க் கரையோரம் சைக்கிளை உருட்டிக்கொண்டே ஒரு மைல் நடந்தால் ஹை பீக் டிரெயிலின் அடிவாரம். அங்கிருந்து பார்ஸ்லி ஹே வரை போய், கீழே ஹார்டிங்டன் கிராமத்தில் இரவு தங்கல். 27 கி.மீ. அளவில் வரும்.

இரண்டாம் நாள் மோனியாஷ், ஷெல்டன் வழியாகச் சின்னச் சாலைகளில் ஆஷ்ஃபோர்டு கிராமத்துக்கு. அங்கிருந்து மான்சல் டிரெயிலில் ஏறி, மேற்கு முனைவரை போய்த் திரும்பி, பேக்வெல்லில் தங்கல். 45 கி.மீ. அளவில். கால் வலிக்கும் நாள் இதுதான்.

மூன்றாம் நாள் ஹாஸப், கால்வர், ஸ்டோனி மிடில்டன் வழியாக ஈம் கிராமத்துக்கு ஏறி, மறுபக்கம் கிரிண்டில்ஃபோர்டு நிலையத்துக்கு இறங்கி ரயிலேறுகிறேன். 20 கி.மீ.கூட இல்லை. ஆனால் ஈம் ஏற்றம் ஒன்றே 10 கி.மீ.க்குச் சமம்.

ஹை பீக் டிரெயில் பழைய ரயில் தடம்தானே, அதில் ஏன் அவ்வளவு செங்குத்தான மேடுகள்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. அந்த ரயில் பாதை கால்வாய்க்காரர்களின் மூளையில் உதித்தது. இரண்டு பக்கமும் இருந்த கால்வாய்களை மலையைத் தாண்டி இணைக்க வேண்டும். அந்தச் சுண்ணாம்புப் பாறை மேட்டில் இன்னொரு கால்வாய்க்குத் தண்ணீர் ஏது? அதனால் தண்டவாளம் போட முடிவு செய்தார்கள், 1830-31-இல் திறந்தார்கள். ஆனால் வடிவமைப்பு முழுக்கக் கால்வாய் மாதிரியே. நீண்ட தூரம் சமதளம், பிறகு, கால்வாயில் படகை மேலே ஏற்றும் மதகு வரவேண்டிய இடத்தில் ஒரு செங்குத்துச் சரிவு. நிலையங்களைக்கூட அவர்கள் "படகுத்துறை" என்றுதான் அழைத்தார்கள்!

சரிவுகளில் வண்டிகளை மேலே நிலையாக நின்ற நீராவி இயந்திரம் சங்கிலியாலும் கம்பிவடத்தாலும் இழுத்தது. மிடில்டன் டாப் என்ற இடத்தில் 1829-இல் செய்யப்பட்ட அந்த இயந்திரமும் அதன் கட்டடமும் இன்னும் நிற்கின்றன. 1963 வரை வேலை செய்தது. மிடில்டன் சரிவு எட்டடிக்கு ஓரடி வீதம் ஏறுகிறது. அதற்கு முன்னால் வரும் ஷீப் பாஸ்ச்சர் சரிவும் கிட்டத்தட்ட அதே அளவு, ஒரு கி.மீ.க்கும் மேல் நீளம். இரண்டிலும் இறங்கி உருட்டிக்கொண்டுதான் போனேன். அந்தக் காலத்தில் ரயில் வண்டியையே கயிறு கட்டித்தான் இழுத்தார்கள், நமக்கு மட்டும் என்ன கௌரவம்?

எதிர்த்திசையில் வருபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்தச் சரிவுகளில் ஏறி உட்கார்ந்து இறங்காதீர்கள். அறுத்துக்கொண்டு ஓடும் வண்டிகளைப் பிடிக்க ஷீப் பாஸ்ச்சரின் அடியில் ஒரு குழி வெட்டி வைத்தார்கள். நொறுங்கிய வண்டி ஒன்றின் மிச்சம் அதற்குள் இன்னும் கிடக்கிறது. நல்ல பிரேக் வைத்திருக்கிறேன் என்பவர்கள் அதை ஒரு முறை எட்டிப் பார்க்கட்டும்.

மான்சல் டிரெயிலுக்கு அவ்வளவு பெயர் ஏன்?

சுரங்கங்கள். ரயில் நின்றது 1968-இல். அதன்பிறகு பல பத்தாண்டுகள் சுரங்கங்களை அடைத்தே வைத்திருந்தார்கள். 2011-இல் திறந்தபிறகுதான் தடம் முழுமையானது. பெரிய சுரங்கங்கள் நான்கும் ஒவ்வொன்றும் சுமார் 400 மீட்டர். கோடையிலும் உள்ளே குளிரும், மேலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். விளக்குகள் பகலில் மட்டுமே எரியும். மாலையில் போவதானால் சைக்கிள் விளக்கு கட்டாயம் வேண்டும்.

கிழக்கிலிருந்து போனால் ஹெட்ஸ்டோன் சுரங்கத்தின் இருட்டிலிருந்து நேரே ஒரு கல் பாலத்தின்மேல் வெளியே வருவீர்கள். கீழே வை ஆறு வளைந்து போகும், இருபுறமும் பச்சைச் சரிவு. என்னோடு வந்த அத்தான், வாய் ஓயாமல் பேசுகிறவர், அந்த இடத்தில் ஐந்து நிமிடம் பேசவில்லை. இப்போது எல்லாரும் படம் எடுக்கும் இந்தப் பாலத்தை 1860-களில் கட்டியபோது கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் கொதித்துப்போனார். ஒரு பள்ளத்தாக்கையே பாழாக்கிவிட்டார்கள், எதற்கு? பக்ஸ்டனில் இருக்கும் மடையனெல்லாம் அரை மணியில் பேக்வெல்லுக்கும், பேக்வெல்லில் இருக்கும் மடையனெல்லாம் பக்ஸ்டனுக்கும் போவதற்காக, என்பது அவர் சொன்னதன் சாரம். இரண்டு ஊருக்கும் இடையே சைக்கிளில் போகும் நான் எந்த வகை என்று தெரியவில்லை.

எந்த மாதம் போகலாம்?

மே நடுவிலிருந்து செப்டம்பர் வரை. ஜூனில் இரவு ஒன்பதரைக்குத்தான் சூரியன் மறையும், அதனால் அவசரமே இல்லாமல் ஓட்டலாம். மே இறுதியில் சாலையோரமெல்லாம் வெள்ளை வெளேரென்று முட்செடி பூத்திருக்கும். மே மாதத்து இரண்டு வங்கி விடுமுறை (ஊருக்கே பொது விடுமுறை) வார இறுதிகளையும் ஆகஸ்ட் கடைசியில் வருவதையும் தவிருங்கள். மான்சலில் அன்று நம் ரங்கநாதன் தெருக் கூட்டம்.

ஈஸ்டருக்குப் பின் நாற்பதாம் நாள் வரும் இயேசுவின் விண்ணேற்றத் திருநாளை ஒட்டிப் போகிறவர்கள் டிஸ்ஸிங்டன் கிராமத்துக்குள் ஒரு எட்டுப் போய் வாருங்கள். ஊர்க் கிணறுகளையும் ஊற்றுகளையும் அலங்கரிக்கும் வழக்கம் அங்கே உண்டு. மரப்பலகையில் ஈரக் களிமண்ணைப் பூசி, அதில் பூவிதழ்களை ஒவ்வொன்றாகப் பதித்துப் படம் செய்கிறார்கள். பூக்கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு அந்த உழைப்பு உடனே புரியும்.

மழை எந்த மாதத்திலும் வரும். மழைச் சட்டையைப் பையின் அடியில் வைக்காதீர்கள்.

எந்த மாதிரி சைக்கிள்? வாடகைக்குக் கிடைக்குமா?

தடங்கள் தார் போட்டவை அல்ல, பொடிக்கல் பரப்பியவை. மெல்லிய ரேஸ் டயர் வேண்டாம், 35 மி.மீ. அல்லது அதற்கு மேல் நல்லது. கியர்தான் முக்கியம். பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரம், முன்னால் உள்ள சின்னதற்குச் சமமாகவோ அதைவிடப் பெரிதாகவோ இருந்தால் எந்த மேட்டிலும் உட்கார்ந்தே ஏறலாம். கடையில் பல் எண்ணிக்கையைக் கேளுங்கள், "மலைக்கு ஏற்றதா" என்று கேட்டால் எல்லாரும் ஆம் என்றுதான் சொல்வார்கள்.

ஆஷ்போர்னிலும் பார்ஸ்லி ஹேயிலும் தேசியப் பூங்கா ஆணையமே வாடகை நிலையம் நடத்துகிறது. மான்சலில் பழைய ஹாஸப் ரயில் நிலையத்தில் சிற்றுண்டிச்சாலையோடு சேர்ந்து வாடகைக் கடை இருக்கிறது. இவை பெரும்பாலும் காலையில் எடுத்து மாலையில் திருப்பிக் கொடுப்பவர்களுக்கானவை. மூன்று நாளுக்கு வேண்டுமென்றால் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மின் சைக்கிள் எடுக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்பவர்களுக்கு: தாராளமாக. மோட்டார் 250 வாட்டுக்குள் இருந்து, மணிக்கு 15.5 மைலில் உதவி நின்றுவிடும் வண்டிக்கு உரிமம் தேவையில்லை. ஓட்டுபவருக்கு 14 வயது ஆகியிருந்தால் போதும்.

பஞ்சர் ஆனால்?

நீங்களேதான் ஒட்ட வேண்டும். முக்குக்கு முக்கு பஞ்சர் கடை இருக்கும் நாடு அல்ல இது. இரண்டு ட்யூப், டயர் கழற்றும் நெம்புகோல், பம்ப், இவ்வளவும் பையில் இருக்கட்டும். பறவைகள் கூடுகட்டும் காலம் என்பதால் ஆகஸ்ட் முடியும்வரை விவசாயிகள் வேலிச்செடிகளை வெட்ட மாட்டார்கள். செப்டம்பரில் தொடங்கி வெட்டித் தள்ளுவார்கள், சாலையெல்லாம் முள். ஒரு செப்டம்பர் மாலையில் மோனியாஷுக்கு அருகே ஒரே மணி நேரத்தில் மூன்று பஞ்சர் ஆயிற்று. மூன்றாவதற்கு ட்யூப் தீர்ந்துவிட்டது. அவ்வழியே நாயோடு வந்த ஒரு பாட்டி, "டீ போட்டுத் தரட்டுமா" என்று கேட்டார். ட்யூப் தரவில்லை, ஆனால் அந்த டீ மறக்காது.

மழைநாளில் சுண்ணாம்புத் தூள் வெள்ளைச் சேறாகிச் சங்கிலியில் அப்பிக்கொள்ளும், காய்ந்தால் சிமெண்ட். இரவு தங்குமிடத்தில் துடைத்து எண்ணெய் விடுங்கள்.

சாலை விதிகள் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது?

இடப்பக்கம்தான், நமக்குப் பழக்கமானது. தலைக்கவசம் சட்டப்படி கட்டாயமில்லை, நான் போடாமல் போகமாட்டேன். இருட்டில் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம். சைக்கிளை முந்தும் வண்டி, 30 மைல் வேகம்வரை, குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளிப் போக வேண்டும் என்று 2022-இல் திருத்திய சாலை விதி நூல் சொல்கிறது. பெரும்பாலும் மதிக்கிறார்கள். கல் சுவர்களுக்கு இடையே ஒரே வண்டி அகலமுள்ள சந்துகளில் எதிரே டிராக்டர் வந்தால் ஒதுங்கும் இடம்வரை யாராவது ஒருவர் பின்வாங்க வேண்டும். அந்த ஒருவர் நீங்கள்தான்.

பாதை என்று பலகை இருப்பதெல்லாம் சைக்கிளுக்கு உரியதல்ல. நடைபாதையில் ஓட்ட உரிமை இல்லை. குதிரைப் பாதையில் 1968 முதல் உரிமை உண்டு, ஆனால் நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும். குதிரையை நெருங்கும்போது மணியை அடிப்பதைவிட "ஹலோ" என்று குரல் கொடுப்பது மேல். மனிதக் குரல் கேட்டால் அது மிரளாது.

சாலையின் குறுக்கே இரும்புக் குழாய்களைப் பரப்பிய பள்ளம் வரும், ஆடுமாடு தாண்டாமல் இருப்பதற்காக. அதை நேராக, மிதிப்பதை நிறுத்தி, திருப்பாமல் கடங்கள். வயல் கதவைத் திறந்தால் மறக்காமல் மூடுங்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், நேரத்துக்குப் போனால். இன்று கிராமத்து பப்பிலும் சைவ வகை ஒன்றிரண்டாவது இருக்கும். சிக்கல் சமையலறை நேரத்தில்தான். மதியம் இரண்டு, இரண்டரைக்குள் அடுப்பை அணைத்துவிடுவார்கள், இரவில் எட்டு, எட்டரை தாண்டினால் சிப்ஸ் பாக்கெட்தான். கிராமக் கடைகளும் சீக்கிரம் சாத்திவிடும். நான் புளிசாதம் கட்டிக்கொண்டுதான் முதல் நாள் ஏறுவேன். மிடில்டன் சரிவின் உச்சியில் உட்கார்ந்து அதைச் சாப்பிட்டிருக்கிறீர்களா?

பேக்வெல்லில் அவர்களுடைய புட்டிங்கைச் சாப்பிடாமல் வரக்கூடாது. அடுக்கடுக்கான மாவுக் கிண்ணத்தில் ஜாம், அதன்மேல் முட்டையும் வாதுமையும் கலந்த கலவை. கடைகளில் பெட்டியில் விற்கும் செர்ரி வைத்த டார்ட் வேறு. இரண்டையும் ஒன்றென்று அந்த ஊரில் சொல்லிவிடாதீர்கள். முட்டை சாப்பிடாதவர்களுக்கு இரண்டுமே ஆகாது. ஹார்டிங்டனில் பாலாடைக்கட்டிக் கடை உண்டு. சட்டப்படி ஸ்டில்டன் என்ற பெயரில் பாலாடைக்கட்டி செய்யக்கூடிய மூன்று மாவட்டங்களில் டெர்பிஷயர் ஒன்று. சுத்த சைவர்கள், பாலை உறையவைக்கச் சேர்த்த பொருள் விலங்கிலிருந்து எடுத்ததா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

எங்கே தங்குவது?

இளைஞர் விடுதி, பப்பின் மாடி அறை, காலை உணவு தரும் வீடு என்று மூன்று வகை. ஹார்டிங்டனில் 17-ஆம் நூற்றாண்டு மாளிகை ஒன்றே இளைஞர் விடுதியாக இருக்கிறது. பெயர்தான் இளைஞர் விடுதி, எழுபது வயதுக்காரர்களும் தங்குகிறார்கள். எங்கே பதிவு செய்தாலும் "சைக்கிளை உள்ளே பூட்டி வைக்க இடம் உண்டா" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஓரிடத்தில் இருக்கிறது என்று போனில் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் அது கூரையில்லாத முற்றம். இரவெல்லாம் மழை.

ஈம் கிராமத்துக்கு அவ்வளவு மேடேறிப் போக வேண்டுமா?

நான் சொன்னால் ஆம் என்றுதான் சொல்வேன். எழுத்தைப் பார்த்து "ஈயம்" என்று படிக்கத் தோன்றும். ஊர்க்காரர்கள் சொல்வது ஈம். நமக்கு ஈமக்கிரியை நினைவுக்கு வந்தால், பொருத்தம்தான்.

1665-இல் லண்டனிலிருந்து ஒரு தையற்காரருக்குத் துணி மூட்டை வந்தது. அதோடு தெள்ளுப்பூச்சியும் கொள்ளைநோயும் வந்ததாகச் சொல்வார்கள். அடுத்த ஆண்டு நோய் முற்றியபோது, பாதிரியார் வில்லியம் மாம்பெஸ்ஸனும் அவருக்கு முன்பு அங்கே இருந்த தாமஸ் ஸ்டான்லியும் சேர்ந்து ஊராரிடம் பேசினார்கள். யாரும் எல்லை தாண்டுவதில்லை, நோய் அக்கம்பக்கத்துக்குப் போகக் கூடாது என்று ஊர் தன்னைத்தானே பூட்டிக்கொண்டது. வெளியூரார் எல்லைக்கல்லில் உணவை வைத்துவிட்டுப் போவார்கள். காசோடு நோய் போகாமலிருக்க, கல்லின் குழிகளில் காடியை ஊற்றி அதில் காசைப் போட்டு வைப்பார்கள் இவர்கள். ஸ்டோனி மிடில்டனுக்கும் ஈமுக்கும் நடுவே அந்தக் கல் இன்னும் இருக்கிறது. இறந்தவர்கள் 260 பேர் என்பது ஊரில் வழங்கும் கணக்கு. பாதிரியாரின் மனைவி கேதரினும் அதில் ஒருவர். ஊருக்குச் சற்று வெளியே ரைலி கல்லறைகள். எலிசபெத் ஹான்காக் என்ற பெண் எட்டு நாளுக்குள் தன் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தானே குழிதோண்டிப் புதைத்த இடம்.

வீட்டு வாசல்களில் பலகைகள் உண்டு, அந்த வீட்டில் யார் யார், என்றைக்கு என்று. சைக்கிளை உருட்டிக்கொண்டு மெதுவாக நடந்து படியுங்கள்.

காஸில்டன் கிராமத்தையும் அதன் அருகே உள்ள வின்னட்ஸ் கணவாயையும் சேர்த்துக்கொள்ளலாமா?

மூன்று நாளில் வேண்டாம். வின்னட்ஸ் ஒரு மைல் ஏற்றம், ஐந்தடிக்கு ஓரடி வீதத்துக்கும் மேல் போகும் இடங்கள் உண்டு, இரண்டு பக்கமும் பாறைச் சுவர், பின்னால் பொறுமையிழந்த கார்கள். பக்கத்தில் மாம் டோர் குன்றின் அடிவாரத்தில் இருந்த சாலை மண்சரிவில் உடைந்து உடைந்து 1979-இல் நிரந்தரமாக மூடப்பட்டதால் போக்குவரத்து இந்தப் பக்கம் வந்துவிட்டது. தனியாக இன்னொரு தடவை, கால் தேறியபிறகு போங்கள்.

திரும்பும் ரயிலில் சைக்கிளுக்கு இடம் இருக்குமா?

கிரிண்டில்ஃபோர்டில் நிற்கும் ஷெஃபீல்டு–மான்செஸ்டர் உள்ளூர் ரயில்களில் வழக்கமாக இரண்டு சைக்கிளுக்குத்தான் இடம். முன்பதிவு இல்லை, முதலில் வந்தவருக்கு. லண்டன் பக்கமிருந்து டெர்பிக்கு வரும் நீண்டதூர ரயிலுக்கோ முன்பதிவு கட்டாயம். ஞாயிறு மாலை நாலு பேராகப் போனால் இரண்டு இரண்டாகப் பிரிந்து அடுத்தடுத்த ரயிலில் போகத் தயாராக இருங்கள். காத்திருக்க நேர்ந்தால் நடைமேடை முனைக்குப் போய் எட்டிப் பாருங்கள். ஷெஃபீல்டு பக்கம் டோட்லி சுரங்கத்தின் வாய் தெரியும், மூன்றரை மைல் நீளம். அதற்குள் மட்டும் சைக்கிளை விட மாட்டார்கள், இன்னும் ரயில் ஓடுகிறது.